லெயோந்தீனின் கட்டுப்போட்ட கையும் காரட் இல்லாத ஃப்ரிகோவும்

லமெக் தீவு,
ஜனவரி 28, புதன்கிழமை, காலை.

அருட்சகோதரி ஜெர்மேன் அவர்களின் மேலான சமுகத்துக்கு, தங்கள் தங்கை லெயோந்தீனின் கணவன் ஒனெசிம் ஷியாசோன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் ஆண்டவர் கிருபையால் உயிரோடும், ஒரு கை நீங்கலாக மற்ற உறுப்புகள் எல்லாம் சுகத்தோடும் இருக்கிறோம். அங்கே தாங்களும் மடத்தில் உள்ள மற்றச் சகோதரிகளும், முழங்கால் வலி உள்ளவர்கள் அது குறைந்தும், இல்லாதவர்கள் அது வராமலும் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லும்போது நினைத்துக்கொள்கிறேன். தினமும் என்று எழுதியது சற்று அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர், மூன்று வருடமாக எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு வரி வந்ததில்லை, உங்களிடமிருந்து எங்களுக்கும் வந்ததில்லை. இந்தக் கடிதமும் லெயோந்தீனுக்குத் தெரியாது. அவள் மாத்திரை போட்டுக்கொண்டு முன்னறையில் தூங்குகிறாள். எழுந்தால் நான் இதை ரொட்டிப் பெட்டிக்குள் ஒளித்துவிடுவேன். ஆகையால் நடுவில் எங்காவது ரொட்டித் தூள் ஒட்டியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஒரு கை நீங்கலாக என்று மேலே எழுதினேனே, அது அவளுடைய வலது கை. ஒன்பதாம் தேதி காலையில் மேசைத் துணியை உதறப் பின்வாசல் படிக்குப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு எலும்பு உடைந்து, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. இதில் என் மானம் போன பகுதி என்னவென்றால், முப்பத்தொரு வருடம் இந்தத் தீவின் சாலைகளில் அரசாங்கப் பனித்தள்ளி வண்டியை ஓட்டியவன் நான். பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, மீன் தொழிற்சாலைக்கு எல்லாம் வழி விட்டவன். என் வீட்டுப் பின்படியில் உள்ளங்கை அகலத்துக்கு ஐஸ் விட்டுவைத்திருந்தேன், சிஸ்டர். அதே உள்ளங்கை அகலத்தில்தான் அவள் காலை வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம், "ரோட்டப் பாத்து ஓட்டு, ரோட்டப் பாத்து ஓட்டு" என்பதோடு சரி. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

எங்கள் கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் நான் அடுப்புப் பக்கம் போனது விறகு வைக்க மட்டும்தான். எனவே முதல் நான்கு நாள் பக்கத்து வீட்டு ஸெலிக்கா அம்மாள் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். முதல் நாள் மக்ரோனி. இரண்டாம் நாளும் மக்ரோனி. மூன்றாம் நாள் மேலே பாலாடைக்கட்டி துருவி, அடியில் பார்த்தால் மக்ரோனி. நான்காம் நாள் பாத்திரம் மட்டும் புதிது. அன்றைக்கு ஸெலிக்கா அம்மாள் வாசலைத் தாண்டியதும் லெயோந்தீன் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "ஏ மனுஷா, அந்தம்மா தங்கமானவ. ஆனா இன்னொரு தடவ மக்ரோனிய என் முன்னால வெச்சியோ, இடது கையால எடுத்து வீசிடுவேன். இடது கை எனக்குக் குறி தப்பும். சுவத்துல எறிஞ்சா உன் மேலதான் விழும்." இப்படித்தான், சிஸ்டர், நான் சமையல்காரன் ஆனேன்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. வீட்டுக்குள் வலியோடு ஒருத்தி. அவளுக்குச் சூடாக, வாய்க்கு ருசியாக ஏதாவது செய்துபோட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வெல்லப்பாகு ஊற்றி அவரைக்கொட்டை வேகவைப்போம், அதில் என்ன கஷ்டம் என்று ஆரம்பித்தேன். அவரையை முந்தின நாளே ஊறவைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி நேரம் அடுப்பில் இருந்தும் அவரை அசரவில்லை. பாகு மட்டும் இறுகித் தார் ஆகிவிட்டது. சாலை வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல தரமான தார். என் பல் செட்டிலிருந்து ஒரு பல் அதிலேயே தங்கிவிட்டது. லெயோந்தீன் ஒரே ஒரு அவரையை வாயில் போட்டு, வெகுநேரம் யோசித்து, வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "மக்ரோனி இருக்கா?" என்றாள்.

அடுத்து ஃப்ரிகோவில் கை வைத்தேன். உங்களுக்குத் தெரியாததா, நம் வீடுகளில் குளிர்காலம் என்றால் ஃப்ரிகோதானே. கோழி, உருளைக்கிழங்கு, வெங்காயம், வாசனைக்குக் காய்ந்த சாரியெட் தழை, கடைசியில் குழம்பின் மேல் மாவு உருண்டை போட்டு மூடி, பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடம் மூடியைத் திறக்கக்கூடாதாம். நானோ வாழ்நாள் முழுவதும் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தே பழகியவன். மூடி போட்ட எதைக் கண்டாலும் கை தானாகப் போகிறது. முன்னறையிலிருந்து லெயோந்தீன் கத்துவாள்: "தொறக்காத!" நான் "தொறக்கல" என்பேன், திறந்துகொண்டே. "ஆவி சத்தம் கேக்குது ஒனெசிம்! கைதான் ஒடஞ்சிருக்கு, காது இல்ல!" மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் உருண்டைகள் பாத்திரத்தின் அடியில் போய் நங்கூரம் போட்டுக்கொண்டன. வீட்டில் இருந்த காரட் மூட்டையும் இந்த மூன்று முயற்சியில் தீர்ந்துபோனது.

காரட் என்று எழுதும்போதே முன்னறையை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன், சிஸ்டர். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் அண்ணன் அலீரை அடக்கம் செய்துவிட்டு வந்து, கோயில் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் லெயோந்தீன் வைத்த ஃப்ரிகோவை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "அம்மா இதுல காரட் போட்டதே இல்லியே" என்று நீங்கள் சொன்னதும், "பதினெட்டு வயசுல மடத்துக்குப் போனவளுக்கு எங்க வீட்டு அடுப்பப் பத்தி என்ன தெரியும்?" என்று அவள் திருப்பிக் கேட்டதும், நீங்கள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. செத்தவன் அலீர். அவனுக்காக அழ வந்த இரண்டு பேர் காரட்டுக்காகப் பிரிந்து போனீர்கள். நான் யார் பக்கமும் பேசவில்லை. என் வாயில் அப்போது ஃப்ரிகோ இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை, விழுந்த இடத்திலேயே ஐஸாகிற உறைமழை பெய்தது. அங்கே மடம் இருக்கும் பாத்தர்ஸ்டிலும் பெய்திருக்கும். மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. எங்கள் சாலையில் விறகடுப்பு உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். மற்ற எல்லாரும் மின்சாரத்தில் சூடு காய்கிறவர்கள். இரண்டு மணிக்குக் கதவு தட்டல் ஆரம்பித்தது. பூட்ஸ் கழற்ற இடமில்லாமல் பூட்ஸ் மேல் பூட்ஸ். கடைசியாக வந்தவர் நம் புதுப் பங்குச் சாமியார் ஃபாதர் சிப்ரியேன். பெனின் நாட்டுக்காரர், இதுதான் அவருக்கு முதல் குளிர்காலம், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போடுவார். ஐஸ் மேல் நடக்க பயந்த ஸெலிக்கா அம்மாளைப் பனிச்சறுக்குப் பலகையில் உட்காரவைத்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் சப்பரத்தில் பவனி வருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். மடியில் ஒரு பாத்திரம். அதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக எங்களோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். வெளியே மரக்கிளைகள் ஐஸ் பாரம் தாங்காமல் ஒடிந்து விழும் சத்தம். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். லெயோந்தீன் முன்னறை நாற்காலியிலிருந்து, கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி, கப்பல் தலைவர் மாதிரி உத்தரவு போட்டாள். "கொட்டகைல ரெண்டு கெழட்டுக் கோழி உறைஞ்சு கெடக்கு. எடுத்துட்டு வா. பெரிய பானைய ஏத்து. ஃப்ரிகோ."

"நானா?" என்றேன்.

"பின்ன, என் கைக்கட்டா வெக்கும்?"

வைத்தேன். கிழட்டுக் கோழி வேக இரண்டரை மணி நேரம் ஆனது. உருளைக்கிழங்கு உரிக்க ஸெலிக்கா அம்மாளும், வெங்காயம் நறுக்கச் சாமியாரும் உட்கார்ந்தார்கள். அவர் நறுக்கியதைப் பார்த்துப் பிரமித்துப் போனேன். மூன்று வருடம் குருமடத்துச் சமையலறையில் இருந்தாராம். அப்போதுதான் முன்னறையிலிருந்து கேள்வி வந்தது.

"காரட் போட்டாச்சா?"

வீட்டில் காரட் இல்லை. கடைக்குப் போகச் சாலையே இல்லை. இல்லை என்று சொன்னால் அவள் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து இன்னொரு கையையும் உடைத்துக்கொள்வாள். என்ன செய்வேன்? "போட்டாச்சு" என்றேன்.

"எத்தன?"

"ஆறு."

ஃபாதர் சிப்ரியேன் கத்தியை நிறுத்திவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒனெசிம் ஐயா, நான் இப்ப ஒண்ணும் கேக்கல" என்று மெதுவாகச் சொன்னார். "சனிக்கிழமை நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில இருப்பேன். ஆறு காரட்டயும் ஒண்ணொண்ணா சொல்லுங்க."

மாவு உருண்டை போடும் நேரம் வந்தது. என் பலவீனத்தை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் உடனே அடுப்புத் துணியை மடித்து மூடி மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். "இனி நீங்க மூடியத் தொறக்கணும்னா ஒரு குருவானவர அடிக்கணும். அது பெரிய பாவம்." பன்னிரண்டு நிமிடம் அப்படியே நின்றார். எனக்கு இரண்டு முறை கை பரபரத்தது. அந்த நேரத்தில் அவர் என்னைப் பேச்சில் பிடித்து வைத்தார்: பனித்தள்ளி வண்டியில் கண்ணாடி உறைந்தால் என்ன செய்வீர்கள், கரடி குறுக்கே வந்ததுண்டா என்றெல்லாம். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூடியைத் திறந்தபோது, சிஸ்டர், பஞ்சு! இருபத்தாறு உருண்டையும் வெள்ளை வெளேரென்று மேலே மிதந்தன. நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கியது பக்கத்தில் இருந்தது.

சாப்பிடும்போது கரண்டி சத்தமும் அடுப்பு சத்தமும்தான். நான் லெயோந்தீனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையால் சாப்பிட்டாள். பாதி கரண்டி சட்டைக்குப் போனது. ஒரு கிண்ணம் முடிந்தது. நீட்டினாள். இன்னொரு கிண்ணம் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. "கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். "எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்கு. அந்த ருசிய நான் எத்தன வருஷமா தேடிட்டிருந்தேன். எனக்கே வரல. உனக்கு எப்படி வந்துச்சு?"

நான் எழுந்து அடுப்பில் விறகைத் தள்ளினேன். சாமியார் கிண்ணத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார். ஸெலிக்கா அம்மாள்தான், பாவம், நல்ல மனசோடு சொன்னார்: "காரட் இல்லாததால இருக்கும் லெயோந்தீன். கொழம்பு இனிக்காம இருக்கு பாரு."

லெயோந்தீன் கரண்டியால் கிண்ணத்தைக் கிளறினாள். கிழங்கு, கோழி, உருண்டை. இன்னொரு முறை கிளறினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த நாற்பத்தொரு வருடத்தில் என்னை அப்படிப் பார்த்தது இரண்டே முறை. அடுத்தது கிண்ணம் பறக்கும் என்று நினைத்தேன். அவள் குனிந்து மீதியைச் சாப்பிட்டு முடித்தாள். முடித்துவிட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "இத ஜெர்மேன்கிட்ட சொன்னே, ரெண்டு கையும் ஒடஞ்சவன் நீயாத்தான் இருப்ப" என்றாள். சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது நான் மீறிக்கொண்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமைக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்வேன்.

இனி எழுதப்போகிற பகுதிக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு வேண்டுமல்லவா? மாவு மீந்திருந்தது. லெயோந்தீன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய இடது கையும் என்னுடைய வலது கையுமாக மாவைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, சுருட்டி, வில்லை வில்லையாக நறுக்கி விறகடுப்புக்குள் வைத்தோம். எந்தப் பலகாரம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பெயரை உங்கள் துறவி உடுப்புக்கு முன்னால் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் பதினாலு வயதில் நீங்கள் ஒரே மூச்சில் பதினொன்று தின்றதாக லெயோந்தீன் சொல்லியிருக்கிறாள். சர்க்கரை உருகி, வீடெல்லாம் பட்டை வாசம். சாமியார் சூடாக ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன ருசி! இதுக்கு என்ன பேரு?"

ஸெலிக்கா அம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது. நான் விறகு எடுக்க எழுந்தேன்.

"பேரு இல்லையா?"

"இருக்கு ஃபாதர்" என்றாள் லெயோந்தீன், தரையைப் பார்த்தபடி. "கன்னியாஸ்திரீ குசு."

அவர் இரண்டாவதை எடுக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. சுற்றிலும் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மூன்று ஸ்வெட்டரும் குலுங்க. "எங்க சின்னம்மாக்கள்ல ரெண்டு பேரு கன்னியாஸ்திரீங்க. அவங்களுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?" என்று சொல்லிவிட்டு நான்கு சாப்பிட்டார். கரண்ட் மறுநாள் மதியம் வந்தது. அதுவரை யாருக்கும் குளிரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கத்தின் முடிவில் அவர் சொன்னார்: "நான் இந்தத் தீவுக்குக் கிளம்பும்போது எல்லாரும் எச்சரிச்சாங்க, குளிர் எலும்பத் துளைக்கும்னு. ஒரு வீட்டு அடுப்பு முன்னால பதின்மூணு பேரு உட்கார்ந்தா குளிர் எங்க போகும்னு யாரும் சொல்லல. கன்னியாஸ்திரீ குசுவப் பத்தியும் யாரும் சொல்லல." எழுந்த சிரிப்பில் கோயில் இடிந்து விழாதது புதுமை. ஆர்கன் வாசிக்கிற அம்மாள் கை தவறி எல்லாக் கட்டையையும் ஒரேயடியாக அமுக்கிவிட்டார், அந்தச் சத்தம் வேறு. இந்தச் செய்தி உங்கள் மடத்துக்கு வேறு யார் மூலமாவது வருவதற்குள் நானே எழுதிவிடுவது மரியாதை என்று நினைத்தேன்.

இப்போது என் விண்ணப்பம். சிஸ்டர், உங்கள் தங்கை பிடிவாதக்காரி. நீங்கள் அவளுக்கு அக்காள் என்பதையும் நான் மறக்கவில்லை. அவளாகக் கூப்பிட மாட்டாள். ஆனால் வியாழக்கிழமை அந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவள் தேடியது குழம்பை மட்டும் அல்ல. வருகிற திங்கட்கிழமை மெழுகுவர்த்தித் திருநாள். அன்றைக்கு அப்பம் சுடப்போகிறேன். தயவுசெய்து வாருங்கள். வந்து, அம்மாவின் ஃப்ரிகோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். ஜெயித்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது நமக்குத் தெரியாதது போல இருந்துவிடுவோம். படியில் ஐஸ் இருக்காது. நான்கு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

மடத்துத் தாயாருக்கும் சமையலறைச் சகோதரிக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். தேவமாதா உங்கள் முழங்காலையும், சாலையையும், இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற தபால்காரரையும் காத்தருளட்டும்.

தாழ்மையுள்ள,
ஒனெசிம் ஷியாசோன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டிய அதே நிமிடம் வெளியே கார் சத்தம் கேட்டது. நீங்கள்தான். ஆகவே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். நீங்களே உங்கள் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு, கையில் பெட்டியோடு வந்து நிற்கிறீர்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காளும் தங்கையும் பார்க்கப் போகிறார்கள், யாராவது மயக்கம் போட்டால் பிடித்துக்கொள்வோம் என்று நான் நடுவில் நின்றேன். லெயோந்தீன் தூக்கக் கலக்கத்தோடு உங்களைப் பார்த்து, "வந்துட்டியா? அந்த முழங்கால் டாக்டரு என்ன சொன்னாரு? போன வாரம் பேசினப்ப ஊசி போடணும்னியே" என்றாள். உங்கள் மேலங்கியைக் கையில் வாங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். "போன வாரமா?" என்றேன். நீங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தீர்கள்.

ஒன்றரை வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும், நான் சீட்டாடப் போகிற நேரம் பார்த்து, நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். வியாழக்கிழமை நடந்த ஃப்ரிகோ விவகாரத்தைக் கரண்ட் வந்த அரை மணி நேரத்தில் அவளே உங்களுக்குச் சொல்லிவிட்டாளாம். "எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு உங்கள் தங்கை சொன்ன பதில்: "சண்ட வந்த மறுநாள்லேர்ந்து, நான் மனசொடிஞ்சு கெடக்கேன்னு நீ பாத்திரம் கழுவ ஆரம்பிச்ச. நல்லா கழுவற. அத ஏன் கெடுப்பானேன்?" அதற்கு நீங்கள், ஒரு துறவி, அருட்சகோதரி, "சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன் ஒனெசிம்" என்று சிரித்தீர்கள்.

ஆகையால் மேலே எழுதிய அத்தனையும் ரத்து. என்றாலும் மூன்று தாள் எழுதிவிட்டேன், வீணாக்க மனமில்லை. நீங்கள் இருவரும் முன்னறையில் சிரிக்கிற சத்தம் இங்கே அடுப்பு வரைக்கும் கேட்கிறது. இதைத் தேநீர்க் கோப்பையோடு உங்கள் முன்னால் வைத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் வெளியே போய்ப் பனி தள்ளிக்கொண்டிருப்பேன். இன்றைக்குத் தள்ளுவதற்குப் பனியே இல்லை. இருந்தாலும் தள்ளுவேன்.